காபி பாய்க்கப்பலில் வருகிறது, அரிசி ஏன் வருவதில்லை?

ஜெர்மனியில் வேலை பார்க்கும் அக்கா மகன் போன வருடம் ஊருக்கு வந்தபோது கால் கிலோ காபிக்கொட்டை கொண்டுவந்தான். பழுப்புக் காகிதப் பை. முன்னால் இரண்டு பாய்மரம் உள்ள ஒரு கப்பலின் படம். பின்னால் எந்த நாட்டுக் கொட்டை, எந்தத் துறைமுகத்தில் ஏறியது, எங்கே இறங்கியது என்றெல்லாம் பொடி எழுத்தில். விலையை மட்டும் அவன் வாய் திறந்து சொல்லவில்லை. ஒட்டியிருந்த சீட்டை நான் பார்த்துவிட்டேன். நம் பணத்தில் கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய்.

"பாட்டி, இது காத்துலயே வந்த காபி. டீசல் கிடையாது. பாய்க்கப்பல்ல வந்தது."

அம்மா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காத்துதான் சும்மா கிடைக்குதே. அப்ப அரிசி, பருப்பு எல்லாத்தையும் அதுலயே கொண்டுவர வேண்டியதுதான? காபிய மட்டும் ஏன்டா?"

அவன் முழித்தான். நானும்தான். அப்புறம் தேடிப் படித்ததில், பாய்க்கப்பல் சரக்குப் போக்குவரத்தைப் புரிந்துகொள்ள அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி என்று தெரிந்தது. காற்றை நம்பி ஓடும் கப்பல் கிடைத்ததையெல்லாம் ஏற்றாது. தனக்குத் தோதான சரக்காகப் பார்த்துத்தான் ஏற்றும். அந்தச் சரக்குகளில் காபிக்குத்தான் முதல் வரிசை.

என்ன கப்பல் இது

காபி விளைவது வெப்ப நாடுகளில். அதிகம் குடிப்பவர்கள் குளிர் நாடுகளில். நடுவில் கடல். இன்று அந்தக் கடலைக் காபி கடப்பது கன்டெய்னருக்குள் அடைபட்டு, டீசலோ கரி எண்ணெயோ எரிக்கும் பெரிய கப்பலில். இதற்கு மாற்றாக, சரக்கை மறுபடி காற்றில் கொண்டுபோய்க் காட்டலாம் என்று ஐரோப்பாவில் சிலர் கிளம்பினார்கள். புதுக் கப்பல் கட்டக் காசில்லை. பழைய கப்பல்களைத் தேடி எடுத்துச் சீர்செய்தார்கள்.

அவற்றில் பெயர் பெற்றது 'ட்ரெஸ் ஓம்ப்ரெஸ்'. 1943இல் ஜெர்மனியில் போர்க்காலத்துக்காகக் கட்டிய மரக்கப்பல் அது. நெதர்லாந்தின் டென் ஹெல்டர் நகரைச் சேர்ந்த ஃபேர்டிரான்ஸ்போர்ட் என்ற நிறுவனம் அதை வாங்கி, 2009இல் எஞ்சினே இல்லாத சரக்குக் கப்பலாகக் கடலில் இறக்கியது. நீளம் 32 மீட்டர். பெயருக்கு ஸ்பானிய மொழியில் 'மூன்று ஆண்கள்' என்று அர்த்தம். ஆர்யென் வான் டெர் வேன், ஆந்திரேயாஸ் லாக்னர், யோர்ன லாங்கலான் என்ற மூன்று நண்பர்கள் சேர்ந்து தொடங்கியதால் அந்தப் பெயர். கரீபியன் தீவுகளிலிருந்து ரம், கோகோ, காபி ஏற்றி வருவது இதன் வேலை.

இன்னொன்று 'அவொன்டூர்'. 1920இல் நெதர்லாந்தில் கட்டியது. டச்சு மொழியில் சாகசம் என்று பொருள். கார்னேலியஸ் போக்கர்மான் என்ற ஜெர்மானியக் கேப்டன் 2014இல் இதை வாங்கி, டிம்பர்கோஸ்ட் என்ற நிறுவனத்தின் பெயரில் காபி ஏற்ற ஆரம்பித்தார். அதற்கு முன்பு அவர் எண்ணெய்த் தொழிலில் இருந்தவர் என்பது வேடிக்கை.

இரண்டு கப்பலுக்கும் பாய்மரம் இரண்டுதான், ஆனால் பாய் கட்டும் விதம் வேறு. ட்ரெஸ் ஓம்ப்ரெஸின் முன்மரத்தில் குறுக்குக் கட்டைகள் போட்டு, ஜமுக்காளம் காயப்போட்ட மாதிரி சதுரப் பாய்கள் தொங்கும். முதுகுப் பக்கமிருந்து வரும் காற்றுக்கு அது அருமையாக வேலை செய்யும். அவொன்டூரில் முக்கியமான பாய்கள் கப்பலின் நீளவாக்கில், கதவு மாதிரி திரும்பும்படி கட்டியிருக்கும். காற்று பக்கவாட்டில் அடித்தாலும் முன்னேற அது உதவும். நம் கடற்கரை வள்ளங்களின் முக்கோணப் பாயும் இந்த இரண்டாம் வகையின் பங்காளிதான்.

இரண்டே இரண்டு கன்டெய்னர்

ட்ரெஸ் ஓம்ப்ரெஸ் ஒரு தடவையில் ஏற்றக்கூடியது 35 முதல் 40 டன். மத்திய அமெரிக்காவில் காபி மூட்டை 69 கிலோ. அப்படியென்றால் ஏறக்குறைய 580 மூட்டை. லாரிகளில் நாம் பார்க்கும் 20 அடி கன்டெய்னர் ஒன்றில் 275 மூட்டை போகும். ஆக, இத்தனை பாயும் கயிறும் ஆளும் சேர்ந்து அட்லாண்டிக்கைக் கடந்து கொண்டுவரும் சரக்கு, இரண்டு கன்டெய்னருக்குச் சற்றே அதிகம். இன்றைய பெரிய கப்பல்கள் இதேபோன்ற 20 அடிப் பெட்டிகள் 24,000 ஏற்றிப் போகின்றன.

இதைக் கேட்டதும் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் காபியை மூட்டையாகப் பார்க்காமல் டம்ளராகப் பாருங்கள். 35 டன் பச்சைக் கொட்டையை வறுத்தால் ஈரம் போய் 29 டன்னுக்குக் கொஞ்சம் மேல் நிற்கும். ஒரு டம்ளருக்கு 10 கிராம் பொடி என்று வைத்தால் 29 லட்சம் டம்ளர். ஒரு ஆள் தினம் இரண்டு வேளை குடித்தால் வருடத்துக்கு 730. கிட்டத்தட்ட 4,000 பேருக்கு ஒரு வருடக் காபி அந்தச் சின்னக் கப்பலுக்குள் அடங்கிவிடுகிறது. அதே 35 டன் அரிசி? மாதம் 25 கிலோ செலவாகும் வீடுகள் நூறு இருக்கும் ஒரே ஒரு தெருவுக்குப் பதினான்கு மாதம் வரும், அவ்வளவுதான். அம்மாவின் கேள்விக்கு முதல் பாதிப் பதில் இதுதான்.

மறுபாதி விலையில் இருக்கிறது. கன்டெய்னரில் மத்திய அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குக் காபி கொண்டுபோக, சாதாரண நாளில் கிலோவுக்கு அமெரிக்கப் பணத்தில் பத்து இருபது சென்ட்தான் ஆகும். பாய்க்கப்பலில் அது பல மடங்கு. நல்ல காபி கிலோ 40 யூரோவுக்கு விற்கும்போது கூலியில் ஒன்றிரண்டு யூரோ ஏறினால் வாங்குகிறவர் முகம் சுளிக்க மாட்டார். உலகச் சந்தையில் மொத்த அரிசி கிலோ அரை டாலர் அளவில் இருக்கிறது. அதன் தலையில் ஒரு டாலர் கூலியை ஏற்றினால் யார் வாங்குவார்கள்?

பொறுமையான கொட்டை

விலையும் எடையும் மட்டும் போதாது. வழியில் கெடாமலும் இருக்க வேண்டும். தக்காளியை இரண்டு மாதம் கடலில் வைத்திருக்க முடியாது. காபி காத்திருக்கும்.

ஆனால் கப்பலில் ஏறுவது நாம் பார்த்துப் பழகிய கறுப்புக் கொட்டை அல்ல. காபிப்பொடிக் கடையில் பீபெரி, பிளாண்டேஷன் ஏ என்ற கொட்டை வகைகள் வறுபடும் முன் எப்படி இருக்கும் என்று கேட்டு ஒரு பிடி வாங்கிப் பாருங்கள். சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். பல்லில் கடித்தால் கூழாங்கல். மோந்து பார்த்தால் காபி வாசனையே இருக்காது. காய்ந்த வைக்கோலும் பச்சைப் பட்டாணியும் கலந்த மாதிரி ஒரு மணம். வறுத்த கொட்டை சில வாரத்தில் மணம் இழந்துவிடும். இந்தப் பச்சைக் கொட்டை சரியாக வைத்தால் பல மாதம் தாங்கும். அதனால் கடல் கடப்பது எப்போதும் பச்சைக் கொட்டைதான், வறுப்பது போய்ச் சேர்ந்த ஊரில்.

அதற்கு ஒரு பலவீனம் உண்டு. சுற்றியிருக்கும் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். கப்பலில் ஏறும்போது கொட்டையின் ஈரம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஏறினால் பூஞ்சை. வெப்ப நாட்டில் பூட்டிய கன்டெய்னர் குளிர்ப் பக்கம் போகப் போக, கொட்டையிலிருந்து கிளம்பிய ஆவி இரும்புக் கூரையில் பட்டுக் குளிர்ந்து சொட்டுச் சொட்டாக மூட்டை மேலேயே விழும். மழைநாளில் தகரக் கொட்டகையின் உள்பக்கம் வேர்க்குமே, அதே சமாச்சாரம். அதைத் தடுக்கக் கன்டெய்னருக்குள் அட்டையும் காகிதமும் ஒட்டுவார்கள்.

பாய்க்கப்பலின் சரக்கறையில் வேறு ஏற்பாடு. அடியிலும் பக்கவாட்டிலும் பலகை அடித்து, கப்பலின் உடம்பில் மூட்டை நேராகப் படாமல் பார்த்துக்கொள்வார்கள். வெயில் நாளில் மேல்மூடியைத் திறந்து காற்றாட விடுவார்கள். அலை ஏறினால் உடனே மூடி, தார்ப்பாய் இறுக்கிக் கட்ட வேண்டும். மற்றப் பொருள்களின் வாசனையையும் காபி பிடித்துக்கொள்ளும் என்பதால் பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். இந்தியாவிலிருந்து போன ஒரு கப்பலில் சில மூட்டை மிளகு, காபிச் சரக்கு முழுவதையும் கெடுத்துவிட்டதாக 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் குறிப்பு ஒன்று உண்டு. மிளகு ரசத்துக்கும் காபிக்கும் ஒரே பாத்திரம் கூடாது என்று வீட்டில் சொல்வதைக் கப்பல்காரர்களும் பட்டுத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் கையால். கயிறு, கப்பி, வலை, தோள். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிகளில் மூட்டை ஏறுவதைப் பார்த்தவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோன அந்தத் தோணிகளும் ஒரு காலத்தில் முழுக்கப் பாயில் ஓடியவைதான். பிற்பாடு எஞ்சின் வந்தது.

போகிற வழி வேறு, வருகிற வழி வேறு

பள்ளிக்கூடப் புவியியலில் வியாபாரக் காற்று, மேலைக் காற்று என்று இரண்டு படித்திருப்போம். பரீட்சை முடிந்ததும் மறந்தும் இருப்போம். பாய்க்கப்பல் காபியின் மொத்தப் பயணமும் இந்த இரண்டில்தான் நிற்கிறது.

பூமத்திய ரேகைக்கு வடக்கே, அட்லாண்டிக் கடலில் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராக அடிப்பது வியாபாரக் காற்று. ஐரோப்பாவிலிருந்து இலையுதிர் காலத்தில் கிளம்பும் கப்பல் முதலில் தெற்கே கேனரித் தீவுகள் வரை இறங்கும். அங்கே அந்தக் காற்றைப் பிடித்தால் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்ட மாதிரி மூன்று வாரத்தில் கரீபியன் கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். போகும்போது ஒயின், ஆலிவ் எண்ணெய் மாதிரியான சரக்கு.

திரும்பும்போது அதே வழியில் வர முடியாது. எதிர்க்காற்று. அதனால் கப்பல் முதலில் வடக்கே ஏறும். ஓர் எல்லை தாண்டியதும் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் மேலைக் காற்று கிடைக்கும். அதில் அசோர்ஸ் தீவுகளைத் தொட்டு ஐரோப்பா. வரைபடத்தில் பார்த்தால் கடிகார முள் சுற்றுகிற திசையில் ஒரு பெரிய வட்டம். 1492இல் கேனரி வழியாகப் போய் அடுத்த வருடம் அசோர்ஸ் வழியாகத் திரும்பிய கொலம்பஸும் சுற்றியது இதே வட்டத்தைத்தான்.

இதில் காலக்கெடு ஒன்று இருக்கிறது. கரீபியன் பக்கம் ஜூன் முதல் நவம்பர் முடிய சூறாவளிக் காலம். அதற்குள் அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும். மத்திய அமெரிக்காவில் காபிப் பழம் பறிப்பது நவம்பரில் தொடங்கி மார்ச் வரை போகும். காய்ந்து, தோல் நீக்கி, மூட்டையாகித் துறைமுகத்துக்கு வரும்போது பிப்ரவரியிலிருந்து மே. கப்பல் அங்கே நிற்கும் மாதங்களும் அவையே. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டதல்ல. காபியும் காற்றும் ஒரே பஞ்சாங்கத்தைப் பார்க்கின்றன, அவ்வளவுதான். கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று காற்றுக்குத் தனித்தனிப் பெயர் வைத்து, எந்த மாதம் எது வீசும் என்று கடலுக்குப் போன நம் கரையோர ஜனங்களுக்கு இது உடனே பிடிபடும்.

ஆனால் நாள் குறித்துச் சொல்ல முடியாது. வேகம் சராசரியாக மணிக்குப் பத்து கிலோமீட்டர், சைக்கிள் மிதிக்கிற வேகம். காற்று நின்றால் கப்பலும் நிற்கும். 2020இல் அவொன்டூர் கடலில் இருந்தபோது கொரோனா வந்தது. துறைமுகங்கள் சரக்கை ஏற்ற விட்டன, ஆட்களைக் கரையிறங்க விடவில்லை. சுமார் 65 டன் காபியும் கோகோவும் ஏற்றிக்கொண்டு ஜூலையில் ஹாம்பர்க் வந்து சேர்ந்தபோது, கிளம்பி ஆறு மாதம் கடந்திருந்தது. உலகம் முழுக்க முகக்கவசம் போட்டுக்கொண்டு நடமாடுவதை அவர்கள் அப்போதுதான் நேரில் பார்த்திருப்பார்கள்.

கடற்காற்று பட்டால் காபி ருசிக்குமா?

இந்தப் பொட்டலத்தைப் பார்க்கும் எல்லோரும் கேட்பது இது. நேர்மையான பதில்: ருசி மாறாது. மாறினால் யாரோ சரியாகக் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

ஆனால் ஒரு காலத்தில் மாறியது. அந்தக் கதை நம் பக்கத்து மேற்குக் கரையில் நடந்தது.

பாய்க்கப்பல் காலத்தில் மலபார்க் கரையிலிருந்து காபி ஐரோப்பாவுக்குப் போக ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்ற வேண்டும். ஆறு மாதம் வரை ஆகும். மரக்கப்பலின் அடியறையில், பருவமழைக் காற்றின் ஈரத்தையும் கடலின் ஈரத்தையும் குடித்துக் குடித்துக் கொட்டை உப்பும். பச்சை நிறம் வெளுத்து வைக்கோல் மஞ்சளாகும். புளிப்பு போய், மண்வாசனையோடு கனமான ஒரு ருசி வரும். சரக்குக் கெட்டுப்போனது என்றுதான் கணக்கில் எழுத வேண்டும். ஆனால் அங்கே குடித்தவர்களுக்கு அதுதான் இந்தியக் காபி என்று பழகிவிட்டது.

1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது. ஒடுங்கிய கால்வாயிலும் அதற்கு அப்பால் செங்கடலிலும் பாய் விரித்து ஓடுவது பெரும்பாடு. நீராவிக் கப்பலுக்கோ அது ராஜபாட்டை. பயணம் சில வாரமாகச் சுருங்கியது. காபி வெளுக்காமல், உப்பாமல், பச்சையாகவே போய் இறங்கியது. குடித்தவர்கள் "இது பழைய காபி இல்லையே" என்றார்கள்.

அதற்குக் கண்டுபிடித்த வழிதான் இன்றும் மங்களூர்ப் பக்கக் கிடங்குகளில் நடக்கிறது. ஜூனில் மழை பிடித்ததும், பக்கச் சுவர் திறந்த கொட்டகைகளில் கொட்டையை அரை அடிக்கும் குறைவான கனத்தில் பரப்பி, பலகையால் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். கொஞ்சம் ஈரம் ஏறியதும் சாக்கில் தளர்வாக நிரப்பி, சாக்குக்குச் சாக்கு இடைவெளி விட்டு அடுக்குவார்கள். அந்த இடைவெளியில் அரபிக்கடல் காற்று நுழைந்து போகும். அவ்வப்போது கொட்டி, கலந்து, மறுபடி நிரப்புவார்கள். 12 முதல் 16 வாரம் இதே வேலை. கடைசியில் ஈரம் 13, 14 சதவீதத்துக்கு வந்து நிற்கும். 'மான்சூன்ட் மலபார்' என்று பெயர். 2008இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கப்பல் போய்விட்டது, கப்பலின் குறையை மட்டும் கரையில் பிடித்து வைத்துக்கொண்டோம்.

நான் ஒரு ஐப்பசி மழையில் இதை வீட்டில் செய்து பார்த்தேன். ஒரு பிடி பச்சைக் கொட்டையை மூடிய பாட்டிலில் போட்டேன். இன்னொரு பிடியை மெல்லிய துணியில் முடிந்து சமையலறை ஜன்னலில் தொங்கவிட்டேன். மூன்று வாரம் கழித்து இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், ஜன்னல் கொட்டை கொஞ்சம் வெளுத்து, தொட்டால் அந்தக் கூழாங்கல் கடினம் குறைந்திருந்தது. வறுத்துக் குடிக்கும் தைரியம் வரவில்லை.

அதே 1869இல்தான் இலங்கைக் காபித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. தமிழகத்திலிருந்து கடல் கடந்தும் காட்டு வழியே நடந்தும் போன தொழிலாளர்கள் முதலில் போனது காபித் தோட்டத்துக்குத்தான். நோய் காபியை அழித்த பிறகு அதே மலையில் தேயிலை வந்தது. சூயஸ் திறந்து ஐந்தாவது நாள் ஸ்காட்லாந்தில் 'கட்டி சார்க்' என்ற வேகமான தேயிலைப் பாய்க்கப்பலைத் தண்ணீரில் இறக்கினார்கள். நேரம் சரியில்லை என்பார்களே, அது.

பூமிக்கு எவ்வளவு மிச்சம்?

உலகம் வெளியிடும் பசுமைக்குடில் வாயுவில் கப்பல்களின் பங்கு 3 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. மொத்தமாகப் பார்த்தால் பெரிய தொகை. ஆனால் ஒரு டம்ளர் காபிக்குப் பிரித்தால்? ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் நகர்த்தக் கன்டெய்னர் கப்பல் விடும் கரியமில வாயு 10 முதல் 20 கிராம். மத்திய அமெரிக்காவிலிருந்து ஹாம்பர்க் ஏறக்குறைய 9,000 கிலோமீட்டர். பெருக்கி வகுத்தால் ஒரு டம்ளர் காபிக்கு ஒன்றிரண்டு கிராம்தான் தேறும். அந்த டம்ளரில் நாம் ஊற்றும் நூறு மில்லி பாலின் கணக்கு மட்டும் நூறு கிராமுக்குக் குறையாது.

ஆகவே, பாய்க்கப்பல் காபி வாங்கி உலகத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்குப் பிடித்தது வேறு. பெரிய கப்பலில் சரக்குக் கூலி என்பது கண்ணுக்கே தெரியாத செலவு. அதனால்தான் எதை வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் யோசிக்காமல் வரவழைக்கிறோம். இங்கே அந்தக் கூலி பொட்டலத்தின் மேல் அச்சாகி நிற்கிறது.

கூலி ஏன் அவ்வளவு என்றால், ஆள். இரண்டு கன்டெய்னர் சரக்குக்குப் பதினைந்து பேர். வேலை, ஓய்வு என்று ராத்திரி பகலாக முறை மாறும். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் சம்பளம் வாங்குபவர்களே அல்ல; பாய்க்கப்பல் வேலை கற்றுக்கொள்ளத் தாங்களே பணம் கட்டி ஏறியவர்கள். அந்தப் பணமும் சேர்ந்துதான் கப்பல் ஓடுகிறது. காபி விற்று மட்டும் கட்டுப்படியாகாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆபத்தும் நிஜம். 1916இல் கட்டிய 'டி கலான்ட்' என்ற சரக்குப் பாய்க்கப்பல் 2024 மே மாதம் பஹாமாஸ் அருகே திடீர்ச் சூறைக்காற்றில் மூழ்கியது. எட்டுப் பேரில் ஆறு பேரை அமெரிக்கக் கடலோரக் காவல்படை மீட்டது. இரண்டு பெண் மாலுமிகள் திரும்பவில்லை. பொட்டலத்தில் அழகாகத் தெரியும் அந்தப் படத்துக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

இப்போது இந்த யோசனை பழைய மரக்கப்பல்களைத் தாண்டிவிட்டது. பிரான்சின் மோர்லே நகரில் காபி வறுத்தும் சாக்லெட் செய்தும் விற்கும் கிரேன் டி செயில் நிறுவனம் 2020இல் 24 மீட்டர் அலுமினியப் பாய்க்கப்பலை நியூயார்க்குக்கு ஒயினோடு அனுப்பியது. திரும்பும் சரக்கு காபியும் கோகோவும். அடுத்து 52 மீட்டரில் 350 டன் ஏற்றும் கப்பலைக் கட்டியது. லெ ஆவ்ர் துறைமுகத்தைச் சேர்ந்த டோவ்ட் நிறுவனத்தின் 'அனெமோஸ்' இன்னும் பெரிது: 81 மீட்டர், ஆயிரம் டன்னுக்கு மேல், ஏழே மாலுமிகள். 2024இல் தன் முதல் பயணத்தில் கொலம்பியாவின் சாந்தா மார்ட்டாவில் காபி ஏற்றியது. பாயை ஏற்றி இறக்க மின்சார எந்திரம். கயிறு இழுத்துக் கை காய்த்துப்போன பழைய ஆட்கள் இதைப் பாய்க்கப்பல் என்று ஒப்புக்கொள்வார்களா தெரியாது.

அக்கா மகனிடம் போனில் இதைச் சொன்னபோது அம்மா பக்கத்தில்தான் இருந்தார். அவன் கொண்டுவந்த காபியை ஃபில்டரில் போட்டு, "சிக்கரி இல்லாம தண்ணியா இருக்கு" என்று தீர்ப்பு சொல்லி, அடுத்த நாளே கடைப் பொடியோடு கலந்து தீர்த்துவிட்டவர்.

"ஆயிரம் டன்னா? அதுலயாவது அரிசி ஏத்தலாமே."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் மாதம் சுமார் 3 லட்சம் டன் அரிசி போகிறது. அனெமோஸ் முழுக்க அரிசி வந்து இறங்கினாலும், காலையில் கடை திறந்து ஒரு மணி நேரம் தாங்காது.